ஒன்றரை மாத ஊசிக்கு வருகிறார்கள், ஒன்றரை வயது ஊசிக்கு ஏன் வருவதில்லை?

கோரையாறு:
திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்க அங்கன்வாடிகளில் தாய்மார் கூட்டத்துக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை எழுத வேண்டும். "தடுப்பூசி நல்லது, தவறாமல் போடுங்கள்" என்று எழுதினால் அது வேர்க்கடலை மடிக்கத்தான் பயன்படும். ஊசி நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். பிசகுவது வேறு இடத்தில். காதில் விழுபவை இவை:

"ஒம்பது மாசத்தோட ஊசியெல்லாம் முடிஞ்சுது."
"சளி புடிச்சிருக்கு, அடுத்த புதன்கிழமை பாத்துக்கலாம்."
"ஊர்ல காப்புக் கட்டியிருக்கு, இப்ப அம்மை ஊசி வேணாம்."
"கையில தழும்பு விழல, அதனால ஊசி புடிக்கல."
"பிரைவேட்ல வலியில்லாத ஊசி. அதுதான் ஒசத்தி."

ஒவ்வொன்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அளவும் நாளும் காரணமும் வேண்டும்.

அரசலாறு:
முதல் வாசகத்தில் இருந்தே தொடங்கலாம், மற்றதையெல்லாம் விட அதுதான் பெரிய ஓட்டை.

பெற்றோர் மனத்தில் உள்ள கணக்கு: பிறந்ததும் ஒன்று, ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம். அதோடு சரி. தடுப்பூசி அட்டையில் அதற்குக் கீழேயும் வரிசை இருக்கிறது, அதை யாரும் விரல் வைத்துக் காட்டுவதில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு ஊக்கத் தவணை. 5-6 வயதில் முத்தடுப்பு இரண்டாவது ஊக்கத் தவணை. 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. (இது பழைய டி.டி. இல்லை. பழையதில் ரண ஜன்னிக்கு மட்டும் மருந்து இருந்தது, இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து வருகிறது. பெயர் காதுக்கு ஒன்றாகவே கேட்பதால் இந்தக் குழப்பம்.)

இரண்டாம் தட்டம்மைத் தவணையை "ஊக்கம்" என்று சொல்வதே தவறான எண்ணத்தைத் தருகிறது. 9 மாதத்தில் போடும்போது 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் எதிர்ப்புச் சக்தி பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில குழந்தைகளின் உடலில் அப்போதும் மிச்சம் இருக்கும், அது ஊசி மருந்தையே அடக்கிவிடும். மீதி 15 பேருக்கு ஒன்றரை வயதில் போடுவதுதான் உண்மையான முதல் ஊசி. அந்த 15 பேர் யார் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை, அதனால் எல்லாருக்கும் இரண்டு. இதை இப்படிச் சொன்னால் தாய்மார்களுக்கு உடனே விளங்கும். நாற்றங்காலில் விதை விட்டு முளைக்காத இடத்தில் மறுபடி தெளிப்பது போலத்தான்.

கக்குவானும் தொண்டை அடைப்பானும் வேறு மாதிரி. மூன்று தவணையும் நன்றாகப் பிடித்திருக்கும், ஆனால் சக்தி வருடக் கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். ஒன்றரை வயதையும் ஐந்து வயதையும் விட்ட பிள்ளை பள்ளிக்குப் போகும்போது பாதுகாப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தொண்டை அடைப்பான் இப்போது கைக்குழந்தைகளை விட்டுப் பள்ளி வயதினரிடம் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம்.

பாமணியாறு:
அரசலாறு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூன்றரை மாத ஊசி தவறுவதற்கு நம்பிக்கை காரணமில்லை, வழக்கம் காரணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஒற்றைப்படை மாதம் பார்த்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிடுவார்கள். மூன்றரை மாத ஊசி சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. தாய்வீட்டு ஊர் செவிலியர் "புருஷன் ஊருக்குப் போய்ட்டாங்க" என்று நினைப்பார். புகுந்த ஊர் செவிலியருக்குக் குழந்தை வந்ததே தெரியாது. அட்டை பீரோவில் தாய்வீட்டிலேயே தங்கிவிடும்.

துண்டறிக்கையில் போட வேண்டியது: அட்டையின் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பி வையுங்கள். பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) தனியாகக் குறித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கும் அதே எண்தான், அதை வைத்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தையின் பதிவைத் தேடலாம். ஊர் மாறினால் அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊசி அங்கேயே போட்டுக்கொள்ளலாம். மாமனார் வீட்டு ஊசி, அப்பா வீட்டு ஊசி என்று இரண்டு மருந்து கிடையாது.

விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமோ என்ற பயத்திலேயே வராமல் இருப்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென்டாவுக்கு (ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 4 வாரம், அதிக இடைவெளி ஆனதால் பழைய தவணை வீணாகாது.

வெட்டாறு:
வயது வரம்பையும் எழுதிவிடுங்கள், "எப்போ வேணா போட்டுக்கலாம்" என்று எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் காமாலை பி ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள். தாயிடமிருந்து பிரசவத்தில் தொற்றுவதைத் தடுக்கத்தான் அது, நாள் கடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பிறந்தவுடன் கொடுக்கும் போலியோ சொட்டு 15 நாளுக்குள். பி.சி.ஜி. (காசநோய்க்கு), ரோட்டா (பேதிக்கு) முதல் தவணை, பென்டா முதல் தவணை, நிமோனியா ஊசி முதல் தவணை எல்லாம் ஒரு வயதுக்குள் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குள் பென்டா ஒரு தவணையாவது போட்டிருந்தால் மீதியை அதற்குப் பிறகும் முடிக்கலாம். ஒன்றுமே போடாமல் ஒரு வயது தாண்டினால் முத்தடுப்பாகப் போடுவார்கள், 7 வயது வரை. தட்டம்மை-ரூபெல்லா 5 வயது வரை.

இன்னொன்று: "ஒன்பது மாதம்" என்றால் ஒன்பது மாதம் *முடிந்து*. நம்ம ஊரில் "ஒம்பது மாசம் நடக்குது" என்று எட்டு மாதம் முடிந்த குழந்தையைத் தூக்கி வருவார்கள். நடவு வேலையை விட்டு, அன்றைய கூலியையும் விட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த புதன் வர மாட்டார். பிறந்த தேதியிலிருந்து 270 நாள் என்று எண்ணி, அந்தத் தேதியை அட்டையில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதே வழி.

குடமுருட்டி:
சளி, தழும்பு, காய்ச்சல் மூன்றுக்கும் நான் எழுதுகிறேன்.

சாதாரணச் சளி, லேசான காய்ச்சல், லேசான பேதி, எடை குறைவு, குறைமாதப் பிறப்பு, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது, பிறந்தபோது மஞ்சள் காமாலை வந்தது, வீட்டில் யாருக்கோ வலிப்பு வந்தது: இவை ஒன்றும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமில்லை. எடை குறைந்த குழந்தைக்குத்தான் நோய் வந்தால் ஆபத்து அதிகம், ஆனால் "தேறட்டும், அப்புறம் போடலாம்" என்று அந்தக் குழந்தைக்குத்தான் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட வேண்டியது: கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு நோய். அந்த மருந்தையே இனிப் போடக் கூடாது என்பது: முன் தவணையில் மூச்சுத் திணறலோடு கடும் ஒவ்வாமை வந்திருந்தால். குடல் செருகல் முன்பு வந்திருந்தால் ரோட்டா கூடாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய குழந்தைக்கு உயிருள்ள கிருமி சேர்ந்த மருந்துகளை டாக்டரைக் கேட்டுத்தான்.

பி.சி.ஜி. இடது மேல்கையில், தோலுக்குள், 0.1 மி.லி. இரண்டு மூன்று வாரம் கழித்து சின்னக் கட்டி எழும்பும், உடைந்து புண்ணாகி, பொருக்குத் தட்டி ஆறும். முழுதாக ஆற மூன்று மாதம்கூட ஆகும். இதைப் "பழுத்துப் போச்சு" என்று நினைத்து மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய், பவுடர் எல்லாம் போடுகிறார்கள். எதுவும் வேண்டாம். குளிப்பாட்டலாம், ஒற்றித் துடைத்தால் போதும், பிதுக்கக் கூடாது. தழும்பு விழாவிட்டாலும் மறுபடி போட வேண்டியதில்லை. ஊசி போட்டதற்கு அட்டையில் பதிவு இருந்தால் போட்டதுதான்.

அரசலாறு:
ஒரு திருத்தம். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. 0.05 மி.லி. ஒரு மாதம் தாண்டியபின் போட்டால்தான் 0.1.

குடமுருட்டி:
சரிதான், என் பிழை. கோரையாறு, 0.05 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்கு வருகிறேன். பென்டா போட்ட அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல், அழுகை, தொடையில் வீக்கம். ஒன்றிரண்டு நாளில் தணியும். தொடையில் சுண்டைக்காய் மாதிரி ஒரு கட்டி சில வாரம் தங்கலாம், வலி இல்லாவிட்டால் விட்டுவிடலாம். தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கோ காய்ச்சல் அன்றைக்கு வராது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் சில சமயம் சிவப்புத் தடிப்பும் வரும். அதற்குள் ஊசி மறந்துபோயிருக்கும், "கண்ணு பட்டுடுச்சு" என்று சுற்றிப் போடுவார்கள். சுற்றிப் போடட்டும், அதனால் கெடுதல் இல்லை. இது வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தால் பயப்பட மாட்டார்கள், அவ்வளவுதான்.

பெரிய ஆபத்து பாராசிட்டமால் பாட்டிலில் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கிராம். மருந்துக்கடையில் மூன்று விதம் கிடைக்கும்: 5 மி.லி.யில் 125 மி.கிராம் உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 உள்ள சிரப், ஒரே மி.லி.யில் 100 மி.கிராம் உள்ள சொட்டு மருந்து. சொட்டு மருந்து 125 சிரப்பைப் போல 4 மடங்கு கெட்டி. 5 கிலோ குழந்தைக்கு 125 சிரப் என்றால் 2 முதல் 3 மி.லி. சொட்டு மருந்து என்றால் அரை முதல் முக்கால் மி.லி. போன தடவை சிரப்பில் கொடுத்த அதே 3 மி.லி.யை இந்தத் தடவை சொட்டு மருந்தில் பாலாடையால் ஊற்றினால் 300 மி.கிராம் போய்விடும். அந்த எடைக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுக்கக்கூடியதே அவ்வளவுதான். எனவே எந்த பாட்டில், எத்தனை மி.லி. என்று செவிலியரிடம் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்தோடு வரும் அளவுக் குழலாலேயே கொடுங்கள். 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. காய்ச்சல் வருமுன் "முன்னெச்சரிக்கையாக" கொடுக்க வேண்டாம்.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை: மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, வலிப்பு, உடல் வெளுத்துத் துவண்டு போவது, மூச்சிரைப்பு, முகம் வீங்குவது, பால் குடிக்காமல் மயங்கிக் கிடப்பது. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஊசி போட்டபின் 30 நிமிடம் உட்காரச் சொல்வது அதற்காக. அந்த நேரத்தில் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, அது போடும் இடத்தில்தான் இருக்கிறது, பஸ்ஸில் இல்லை.

முடிகொண்டான்:
காப்புக் கட்டு பற்றி. இதைக் கேலி செய்து எழுதாதீர்கள், அதோடு உங்கள் துண்டறிக்கை தீர்ந்தது. மாரியம்மன் கோயில்கொண்ட புன்னைநல்லூரும் வலங்கைமானும் இருக்கிற மண்ணில் அம்மை என்பது நோய்ப் பெயர் மட்டும் இல்லை. அம்மை வந்த வீட்டில் வேப்பிலை செருகுவது, வெளியாரைச் சேர்க்காதது, குழந்தையைத் தனியே படுக்க வைப்பது எல்லாம் தொற்றைத் தடுக்கிற வேலையையும் செய்தவை. அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

முதலில் பெயரைப் பிரித்துச் சொல்லுங்கள். பெரியம்மை போய்விட்டது, இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை. சின்னம்மை நீர்க்கொப்புளமாக வருவது, அதற்கு அரசு அட்டவணையில் ஊசி இல்லை, தனியாரில் உண்டு. மணல்வாரி என்று நாம் சொல்வதுதான் தட்டம்மை, ஒன்பது மாத ஊசி இதற்குத்தான். "ஊசி போட்டும் அம்மை வந்துச்சே" என்கிறவர்களில் பலருக்கு வந்தது சின்னம்மையாக இருக்கும். பொன்னுக்கு வீங்கிக்கும் இதே கதை, அரசு ஊசியில் அது சேரவில்லை.

மணல்வாரி வந்துவிட்டால் மருந்தே கூடாது என்ற நம்பிக்கையில்தான் உயிர் போகிறது. கொல்வது மணல் மாதிரித் தடிப்பு இல்லை, கூடவே வரும் நிமோனியா, பேதி. கண்ணும் கெடும். வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும்: 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு வேளைக்கு 1 லட்சம் அலகு, ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். வேப்பிலை ஒரு பக்கம் இருக்கட்டும், இதை நிறுத்தாதீர்கள் என்று சொன்னால் பாட்டிமார் கேட்கிறார்கள்.

திருவிழா தேதி முன்பே தெரியும். காப்புக் கட்டுவதற்கு முந்தின புதன்கிழமையே அந்தத் தெருக் குழந்தைகளை அழைத்துவிட்டால் தகராறே இல்லை. சண்டை போட்டு ஜெயிக்க வேண்டிய இடம் இல்லை இது.

பாமணியாறு:
முடிகொண்டான் சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றையும் திருவிழா தலையில் கட்ட வேண்டாம். சம்பா அறுவடை நேரத்தில் வருகை குறைவதற்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை.

வெட்டாறு:
வலியில்லாத ஊசி. அது "வலியில்லாதது" இல்லை, ஊசி குத்தினால் வலிக்கத்தான் செய்யும். வித்தியாசம் கக்குவான் பகுதியில். அரசு பென்டாவில் கக்குவான் கிருமி முழுதாக, கொன்ற நிலையில் இருக்கிறது. தனியாரில் விலை கூடிய வகையில் கிருமியின் சில புரதத் துணுக்குகள் மட்டும். அதனால் காய்ச்சல், வீக்கம் குறைவு. ஆனால் கக்குவானுக்கு எதிரான சக்தியும் சீக்கிரம் தேயும். காய்ச்சல் வேண்டாம் என்றால் அந்த விலை கொடுக்கிறீர்கள், பணத்தில் மட்டும் இல்லை. ஒசத்தி, மட்டம் என்ற பேச்சே தவறு.

குளிர்பதனத்தில் வேண்டுமானால் தனியாரைக் கேள்வி கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது ஐஸ் சூழ்ந்த குளிர்பெட்டி. 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் மின்சாரம் இருந்தாலே 2 முதல் 8 டிகிரியைப் பிடித்து வைத்திருக்கும். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில், அதிலும் கதவுத் தட்டில் மருந்து வைத்தால், மே மாத மின்வெட்டில் தாங்காது.

கோரையாறு:
கஜா புயல் மாதிரி நாள்கணக்கில் மின்சாரம் இல்லாவிட்டால்? 2018 நவம்பரை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. "கரண்டே இல்ல, அந்த ஊசி கெட்டிருக்கும்" என்று இப்போதும் சொல்கிறார்கள்.

வெட்டாறு:
கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு விதமாகக் கெடும், பெற்றோருக்கு ஒன்றுதான் தெரியும்.

சூட்டில் கெடுவதைக் குப்பியின் மேல் ஒட்டிய சின்ன வட்டம் காட்டிக்கொடுக்கும். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் கறுத்தாலோ போடக் கூடாது. அந்த நிறம் திரும்பி வெளுக்காது, அதனால் மறுபடி குளிரில் வைத்து ஏமாற்ற முடியாது. "சிஸ்டர், அந்த வட்டத்தைக் காட்டுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

குளிரில் கெடுவது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. பென்டா, மஞ்சள் காமாலை பி, முத்தடுப்பு, டி.டி., நிமோனியா ஊசி, போலியோ ஊசி ஆகியவை உறைந்தால் வீண். வட்டம் அதைக் காட்டாது. உறைவது எப்படி என்றால், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்துப் பெட்டியில் வைப்பதால். வெளியே சற்று நேரம் வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் பதம் வந்தபின்தான் வைக்க வேண்டும்.

குப்பி திறந்த பிறகும் கணக்கு உண்டு. பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா தூளாக வந்து கரைக்கப்படுபவை. கரைத்த 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். "நாலு மணிக்கு வந்தா ஊசி இல்லன்னு அனுப்பிட்டாங்க" என்ற கோபத்துக்குப் பின்னால் சில சமயம் இதுதான் இருக்கும். காலையில் வாருங்கள் என்று எழுதுங்கள்.

அரசலாறு:
நம்பிக்கை உடைந்த இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு சில காலம் கிராமத்துக்கே போய்ப் போடுவதை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா போட்டபோது வாட்ஸ்ஆப் வதந்தியில் பாதிப் பேர் பிள்ளையை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை.

பாமணியாறு:
"பாதிப் பேர்" என்பதைத் துண்டறிக்கையில் எழுதிவிடாதீர்கள், பேச்சுவாக்கில் சொன்னது. பலர் அனுப்பவில்லை, முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அது போதும்.

அரசலாறு:
ஏற்கிறேன். அந்த நேரத்துப் பெற்றோர் கேள்வியில் நியாயமும் இருந்தது: "ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?" அதற்குப் பதில் சொல்லாமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் கேட்டால் வதந்திதான் பதில் சொல்லும். முன்பு போட்டது தட்டம்மைக்கு மட்டும், ரூபெல்லா அதில் இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண்புரை, செவிடு, இதயக் கோளாறு. ஒரு தவணை கூடுதலாகப் போனதால் கெடுதல் இல்லை. இந்த நாலு வரி அன்று போயிருக்க வேண்டும்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சும் வரும். 1998-இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை அது, 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

முடிகொண்டான்:
ஒரே நாளில் இத்தனை ஊசியா என்பதற்கும் ஒரு வரி. ஒன்றரை மாதத்தில் வாய்வழி இரண்டு (போலியோ 2 சொட்டு, ரோட்டா), ஊசி மூன்று: இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியா, வலது மேல்கையில் போலியோ ஊசி 0.1 மி.லி. தோலுக்குள். சொட்டு கொடுத்தபின் போலியோ ஊசி எதற்கு என்பார்கள். 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமியை எடுத்துவிட்டார்கள். அந்த வகைக்கு ஊசிதான் காவல். ரோட்டா ஓரிடத்தில் 5 சொட்டு, இன்னோரிடத்தில் 2 அல்லது 2.5 மி.லி. கொடுப்பார்கள், தயாரிப்பைப் பொறுத்தது, ஏமாற்று இல்லை. தாய்ப்பால் முன்னும் பின்னும் கொடுக்கலாம்.

பிரித்துப் போடச் சொன்னால் குழந்தை அழும் நாள்தான் கூடும். ஒன்பது மாதத்தில் அது சிக்கலும் ஆகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி உள்ள மாவட்டங்களில் உயிருள்ள கிருமி வகையைப் போடுவதானால், தட்டம்மை ஊசியோடு அதே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். அந்த நோயைப் பரப்பும் கொசு நெல்வயல் தண்ணீரில்தான் பெருகுகிறது, கிருமி கொக்கு நாரையிலும் பன்றியிலும் தங்குகிறது. நம் ஊரை வரைந்து காட்டியது போல இருக்கும். உங்கள் அட்டையில் அந்த வரி உண்டா என்று பாருங்கள்.

கோரையாறு:
போதுமானது கிடைத்துவிட்டது. ஒரு பக்கத்தில் அடங்காது, முன்னும் பின்னும் அச்சடிக்க வேண்டும். பின்பக்கம் முழுக்க 16 மாதத்துக்குப் பிறகு வருபவை மட்டும். ஒரே சந்தேகம்: ஐந்து வயது முத்தடுப்பு தொடையிலா கையிலா? தொடையில் போட்டால் ஸ்கூலுக்கு நடக்க மாட்டான் என்று ஒரு அம்மா கேட்டார்.

அரசலாறு:
ஒன்றரை வயதில் இடது தொடை. ஐந்து வயதில் இடது மேல்கை. நடப்பான்.